இரண்டு மூலக்கூறு உயரத்தில் ஒரு மின்கடத்தி

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே மரத்துப் பாலை எடுத்து, அதில் மிதக்கும் ஒவ்வொரு துகளையும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கறுப்புப் படலத்தால் மூடிவிட்டால், காய்ந்து கிடைக்கும் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தும். அந்தப் படலத்தைப் போட வெற்றிட அறை வேண்டாம், பெரிய உலையும் வேண்டாம். ஷாம்பூவில் நுரை வரவைக்கும் பொருள், கொஞ்சம் உப்பு, அமிலம், பிர்ரோல் என்ற திரவம், ஓர் ஆக்சிஜனேற்றி. இவ்வளவும் ஒரு கல்லூரி லேப் மேசையில் அடங்கிவிடும்.

நான் நாகர்கோவிலில் வேதியியல் கற்பிக்கிறேன். எம்.எஸ்சி. மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பு கேட்டு வரும்போதெல்லாம் இந்தப் படலங்களைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பெரும்பாலோர் ஏதாவது ஓர் இலைச்சாற்றில் வெள்ளி நானோத் துகள் செய்கிறோம் என்ற முடிவோடுதான் வருகிறார்கள். இலையை மட்டும் மாற்றிவிட்டு அதே வரைபடத்தைத் திரும்ப வரைவதில் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. இந்த வேலை அப்படியல்ல. பரப்பு வேதியியல், மின்வேதியியல், பாலிமர் வேதியியல் மூன்றும் ஒரே பீக்கருக்குள் சந்திக்கின்றன. ஒவ்வொரு அடியிலும் "ஏன் இப்படி?" என்று கேட்க இடம் இருக்கிறது, அந்தக் கேள்விக்கு நம் கையிலிருக்கும் கருவிகளாலேயே பதில் தேடவும் முடியும்.

பாலிமர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1862-ல் லண்டனில் ஹென்றி லெத்பி என்பவர் அனிலினைக் கந்தக அமிலத்தில் கரைத்து மின்பகுத்தபோது மின்முனையில் கரும்படிவு ஒன்று சேர்ந்தது. இன்று அதைப் பாலிஅனிலின் என்கிறோம். 1963-ல் ஆஸ்திரேலியாவில் வைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பாலிபிர்ரோலின் கடத்துத்திறனை அளந்து வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது 1977-ல்தான். ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தை அயோடின் ஆவியில் காட்டியபோது அதன் கடத்துத்திறன் பல லட்சம் மடங்கு எகிறியது. 2000-ல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

இதன் உட்பொருள் எளிமையானது. இந்தப் பாலிமர்களின் முதுகெலும்பில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. ஆனால் அது மட்டும் போதாது. அயோடினோ வேறு ஆக்சிஜனேற்றியோ சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் ஒரு நேர்மின்சுமை தங்கும், சங்கிலி நெடுக நகரும். பாலிபிர்ரோலில் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வளையங்களுக்கு ஒரு நேர்மின்சுமை வீதம் இருக்கும். அதைச் சமன்செய்ய ஓர் எதிர்மின் அயனி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதைத்தான் டோப்பண்ட் என்கிறோம். இந்த எதிர்மின் அயனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சர்ஃபாக்டண்ட், அதாவது முன்னே சொன்ன நுரை வரவைக்கும் பொருள், வந்து இந்த இடத்தில் உட்காரப் போகிறது.

சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட பாலிமர்கள் உருகுவதில்லை, சாதாரணக் கரைப்பான்களில் எளிதில் கரைவதும் இல்லை. பிர்ரோல் கரைசலில் ஃபெரிக் குளோரைடை ஊற்றினால் சில நிமிடங்களில் கறுப்புத் தூள் அடியில் படியும். அந்தத் தூளை எடுத்து மெல்லிய படலமாக விரிக்க வழியில்லை. ஆகவே பாலிமர் உருவாகும்போதே படலமாக உருவாக வேண்டும், அதுவும் நாம் சொல்லும் இடத்தில். மின்முனையின்மேல் மின்சாரத்தால் வளர்ப்பது ஒரு வழி. அதற்கு அடிப்பரப்பே மின்கடத்தியாக இருக்க வேண்டும், ரப்பருக்கும் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுக்கும் அது பயன்படாது. தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை மூலக்கூறுப் படலத்தை விரித்து அடுக்கடுக்காகத் தூக்கும் லாங்மியூர்–பிளாட்ஜெட் முறை அழகானது. ஆனால் அதற்கான தொட்டி விலை கூடிய கருவி, தட்டையான தகடுகளுக்கு மட்டுமே ஒத்துவரும். கையில் இருப்பது தூளாகவோ நூலாகவோ பால் துளியாகவோ இருந்தால் வேறு வழி வேண்டும்.

சர்ஃபாக்டண்ட் அங்கேதான் வருகிறது. நாங்கள் லேபில் பெரும்பாலும் பயன்படுத்துவது சோடியம் டோடெசில் சல்பேட், சுருக்கமாக எஸ்டிஎஸ். ஷாம்பூ பாட்டிலில் சோடியம் லாரில் சல்பேட் என்று அச்சிட்டிருப்பதும் இதுதான். தலைப்பக்கம் எதிர்மின்சுமையுள்ள சல்பேட், வால்பக்கம் 12 கார்பன் கொண்ட எண்ணெய்ச் சங்கிலி. அந்த 12 கார்பன் வால் தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவிதை எண்ணெயிலிருந்தோதான் வருகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், அதாவது 12 கார்பன் உள்ளது. தென்னை நிற்காத வீட்டுப் புரையிடம் அரிதான இந்த மாவட்டத்தில் இதை மாணவர்களிடம் சொல்லும்போது முகங்களில் ஒரு தெளிவு வருவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் இருக்கும் வெள்ளைத் தூள் எங்கோ வானத்திலிருந்து வந்த ரசாயனம் இல்லை என்று புரிந்தால், அதைத் தொட்டு வேலை செய்யும் தயக்கம் குறைகிறது.

எஸ்டிஎஸ்ஸைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனால், 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல் என்ற அளவில், அதாவது 2.3 கிராமை ஒட்டி, மூலக்கூறுகள் ஒன்றுகூடி மைசெல்லாக மாறும். ஒரு மைசெல்லில் 60 மூலக்கூறுகளை ஒட்டி இருக்கும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. இந்த எல்லைச் செறிவைத்தான் சிஎம்சி என்கிறோம். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடுகிறது. நமக்கு வேண்டியது சிஎம்சிக்கு முன்னால் நடக்கும் ஒன்று.

கரைசலுக்குள் எதிர்ச்சுமையுள்ள ஒரு திடப்பரப்பு இருந்தால், சிஎம்சியைத் தொடுவதற்கு முன்பே சர்ஃபாக்டண்ட் அந்தப் பரப்பில் போய்க் கூடத் தொடங்கிவிடும். அலுமினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு பிஎச் 8 அல்லது 9-க்குக் கீழே நேர்மின்சுமை உள்ளது. எஸ்டிஎஸ்ஸின் எதிர்மின் தலைகள் அங்கே ஒட்டும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டாக, தள்ளித்தள்ளி. செறிவு கூடும்போது ஒரு கட்டத்தில் வால்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அதன்பின் ஒட்டும் அளவு செங்குத்தாக ஏறும். 1966-ல் அலுமினாவின்மேல் ஆல்கைல் சல்ஃபொனேட்டுகளை வைத்து இந்த ஏற்றத்தை விரிவாக ஆராய்ந்தவர்கள் சோமசுந்தரனும் ஃபூர்ஸ்டெனாவும். கேரளத்தில் பிறந்து, பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த பொன்னிசேரில் சோமசுந்தரன்தான் அவர். கனிமங்களை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொழிலுக்காகத்தான் அந்த ஆய்வு தொடங்கியது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் மோனசைட்டும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, கனிமத் துகளின் பரப்பைப் பற்றிய கேள்வியிலிருந்து இந்த அறிவியல் பிறந்தது என்பதைச் சொல்லத் தவறமாட்டேன்.

செறிவு இன்னும் கூடினால், முதல் அடுக்கின் வால்கள்மேல் இன்னோர் அடுக்கு தலைகீழாக அமர்ந்துவிடும். தலை, வால், வால், தலை. மொத்தம் 3 அல்லது 4 நானோமீட்டர் உயரம். பரப்பில் உட்கார்ந்திருக்கும் இந்த ஈரடுக்குக்கு அட்மைசெல் என்று பெயர். நடுவில் வால்கள் நிறைந்த பகுதி எண்ணெய்த் தன்மை உள்ளது. கரைசலில் பிர்ரோலோ அனிலினோ தயோஃபீனோ இருந்தால், அதில் ஒரு பங்கு தண்ணீரை விட்டுவிட்டு இந்த ஈரடுக்குக்குள் நுழைந்துகொள்ளும். பிறகு ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால், பாலிமரின் ஒற்றை அலகான இந்த மோனோமர் கூடிக்கிடக்கும் அந்த இடுக்கில் பாலிமர் உருவாகும். கடைசியில் தண்ணீர்விட்டுக் கழுவினால் சர்ஃபாக்டண்டின் பெரும்பகுதி போய்விடும், பாலிமர் பரப்போடு ஒட்டி நிற்கும். வீட்டுக்குக் காங்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகை அடித்து, ஊற்றி, இறுகியதும் பலகையைப் பிரித்தெடுக்கிறோமே, அந்த வேலையைத்தான் சர்ஃபாக்டண்ட் இங்கே செய்கிறது. ஆனால் இந்தப் பலகையை யாரும் அடிக்க வேண்டியதில்லை. அதுவாகவே போய் அமர்ந்துகொள்கிறது, துகளின் எந்த வளைவிலும்.

இந்த முறையை 1987-ல் முதலில் செய்துகாட்டியவர்கள் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூ, ஹார்வெல், ஓரியர் ஆகியோர். அவர்கள் அலுமினாவின்மேல் போட்டது பாலிஸ்டைரீன், அது மின்கடத்தி அல்ல. மின்கடத்தும் பாலிமர்களுக்கு இதே வழி பின்னர் விரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2003-ல் வந்தது. கார்ஸ்வெல், ஓரியர், கிரேடி மூவரும் தட்டையான பரப்புகளில் சர்ஃபாக்டண்டின் வடிவத்தை மாற்றி, பாலிஅனிலினையும் பாலிபிர்ரோலையும் உருண்டைகளாகவும் நானோக் கம்பிகளாகவும் தட்டைப் படலங்களாகவும் வரவைத்தார்கள். அதற்கு முன்பே, 1994, 95-ல், மேனியும் காபும் அணுவிசை நுண்ணோக்கியால் பார்த்து, கிராஃபைட்டின்மேல் சர்ஃபாக்டண்ட் அரை உருளைகளாகவும், மைக்காவின்மேல் முழு உருளைகளாகவும், சிலிக்காவின்மேல் உருண்டைகளாகவும் படுத்திருப்பதைக் காட்டியிருந்தார்கள். அதாவது அச்சு எந்த வடிவமோ பாலிமரும் அந்த வடிவம். கத்தியோ ஒளியோ படாமல் ஒரு கம்பி சில நானோமீட்டர் குறுக்களவில் தானாக வரைந்துகொள்கிறது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அளவுகளுக்கு வருவோம். பாலிபிர்ரோலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். 3 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டரை மூட 4.5 மில்லிகிராம் போதும். ஒரு கிராம் இருந்தால் 220 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 5 சென்ட் நிலத்துக்கு மேல். மாணவர்களை இந்தக் கணக்கைத் தாளில் போடச் சொல்வேன். மெல்லியது என்ற சொல்லுக்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் போடச் சொல்வேன். அந்தப் படலத்தின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 3 நானோமீட்டர் தடிமனில் அதன் தகட்டு மின்தடை சதுரத்துக்கு 33 லட்சம் ஓம். செம்புக் கம்பியின் இடத்தில் இதை வைக்க முடியாது. செம்பின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 லட்சம் சீமென்ஸ். ஆனால் நிலைமின்சாரத்தை மெல்ல வடியவிட வேண்டிய இடங்களில் இந்த 33 லட்சம் ஓம் மிகப் பொருத்தமான அளவு. மின்னணுச் சில்லுகளைப் பொதிந்தனுப்பும் பைகள், பஞ்சு தூசி பறக்கும் ஆலைகளின் பெல்ட்டுகள், பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் போடும் காலணிகள் எல்லாவற்றிலும் வேண்டியது இதுதான். மின்சாரம் பாய வேண்டாம், தேங்காமல் இருந்தால் போதும்.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. இவற்றை யாரும் உரக்கச் சொல்வதில்லை, ஆனால் இவைதான் வேலையை நிறுத்துகின்றன அல்லது நடத்துகின்றன.

முதலாவது, சர்ஃபாக்டண்ட் செறிவைச் சிஎம்சிக்குச் சற்றுக் கீழேயே வைக்க வேண்டும். மேலே போனால் கரைசல் முழுவதும் மைசெல்கள் மிதக்கும், பிர்ரோல் அவற்றுக்குள்ளும் போய்ப் புகுந்துகொள்ளும், பாலிமர் பரப்பில் உருவாவதற்குப் பதில் கரைசலில் கறுப்புச் சேறாக உருவாகும். பரப்பு ஈரடுக்கால் நிறைந்திருக்க வேண்டும், கரைசலில் மைசெல் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி குறுகலானது. உப்பு இங்கே உதவுகிறது. சோடியம் அயனிகள் சல்பேட் தலைகளுக்கிடையே உள்ள விலக்கத்தைத் தணிப்பதால் அவை பரப்பில் நெருங்கி அமர்கின்றன. அதே காரணத்தால் சிஎம்சியும் இறங்கிவிடும். லிட்டருக்கு 0.1 மோல் உப்பு போட்டால் எஸ்டிஎஸ்ஸின் சிஎம்சி 8-லிருந்து 1.5 மில்லிமோலுக்கு வந்துவிடும். ஆகவே உப்பைச் சேர்த்தவர் சர்ஃபாக்டண்டைக் குறைக்கவும் வேண்டும். புத்தளம் உப்பளத்துக்கு அருகிலிருந்து வரும் ஒரு மாணவி தங்கள் ஊர் உப்பையே போடலாமா என்று கேட்டாள். கேள்வி நல்லது, ஆனால் கூடாது. கடலுப்பில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். கால்சியம் டோடெசில் சல்பேட் அறை வெப்பநிலையில் கரையாது, வெண்படிவாகிவிடும். கடலோரக் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கதைதான். காய்ச்சி வடித்த நீர், சுத்தமான சோடியம் குளோரைடு. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, ஆக்சிஜனேற்றியாகப் பொட்டாசியம் பெர்சல்பேட்டைத் தொடவே வேண்டாம். பொட்டாசியம் டோடெசில் சல்பேட் நம் அறை வெப்பநிலையில் நன்றாகக் கரைவதில்லை, கரைசல் சட்டென்று கலங்கி சர்ஃபாக்டண்ட் வெளியேறிவிடும். அம்மோனியம் பெர்சல்பேட் அந்தத் தொல்லை தராது. அனிலின் வேலையில் இன்னொன்றும் உண்டு. பாலிஅனிலின் செய்முறைகள் பெரும்பாலும் பனிக்கட்டித் தொட்டியில் 0 முதல் 5 டிகிரிக்குள் செய்யச் சொல்லும். எஸ்டிஎஸ் சுமார் 16 டிகிரிக்குக் கீழே படிகமாகிப் பிரிந்துவிடும். அங்கே குளிர்ச்சியும் எஸ்டிஎஸ்ஸும் சேர்ந்து நிற்காது. டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் போன்ற வேறொன்றுக்குப் போக வேண்டும். 1992-ல் காவோ, ஸ்மித், ஹீகர் மூவரும் பாலிஅனிலினைக் கரையவைக்கப் பயன்படுத்திய அமிலங்களில் அதுவும் ஒன்று. அது சர்ஃபாக்டண்டாகவும் டோப்பண்டாகவும் ஒருங்கே இருக்கிறது.

மூன்றாவது, இரும்பின் அளவு. ஃபெரிக் குளோரைடைப் பயன்படுத்தினால் ஒரு பிர்ரோலுக்கு ஏறத்தாழ 2.3 இரும்பு வேண்டும். இந்தத் தசமம் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்பேன். இரண்டு வளையங்களை இணைக்க வளையம் ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் போக வேண்டும். அதற்கு 2. மூன்று வளையத்துக்கு ஒரு நேர்மின்சுமை வீதம் சங்கிலியை மின்கடத்தியாக்க இன்னும் மூன்றில் ஒன்று. அதற்கு 0.3. எடைபோடும் எண்ணுக்குள் மின்கடத்தலின் காரணமே இருக்கிறது.

இங்கே முன்னே சொன்ன எதிர்மின் அயனி திரும்ப வருகிறது. நேர்மின்சுமை ஏறிய பாலிபிர்ரோல் சங்கிலிக்கு அருகில் சமன்செய்ய ஓர் அயனி வேண்டும். மிக அருகில் இருப்பது எது? அச்சாக வந்து நின்ற டோடெசில் சல்பேட்டேதான். கழுவும்போது அதில் ஒரு பங்கு வெளியேறாமல் படலத்திலேயே தங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். குளோரைடு போன்ற சிறிய அயனி காலப்போக்கில் கசிந்து போய்விடும். நீண்ட வாலுள்ள அயனி நகர்வது கடினம், ஆகவே படலத்தின் கடத்துத்திறன் கூடுதல் நாள் நிற்கிறது. அச்சு பொருளின் உறுப்பாகவே மாறிவிடுகிறது. இந்த முறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்.

அளவிடும்போது ஈரத்தைக் கவனிக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் குறைவான மாதங்கள் சொற்பம். சரியாகக் கழுவாத சர்ஃபாக்டண்டும் உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டு அயனிகளால் மின்சாரத்தைக் கடத்தும். மீட்டரில் எண் வந்துவிட்டது என்று துள்ளக் கூடாது. நேர்மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்திப் பார்க்க வேண்டும். அயனிகளால் வந்த மின்னோட்டம் போகப்போகத் தேய்ந்துவிடும், எலக்ட்ரான் வழி வருவது நிற்கும். டெசிகேட்டரில் உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து, பிர்ரோலை மட்டும் விட்டுவிட்டு ஒரு மாதிரியும் செய்து வைக்க வேண்டும். நான்குமுனை அளவியை விலைக்கு வாங்க முடியாவிட்டால், ஒரே வரிசையில் சமதூரத்தில் நான்கு ஸ்பிரிங் ஊசிகளைப் பதித்து லேபிலேயே செய்துகொள்ளலாம். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். இரண்டின் விகிதத்தை 4.53-ஆல் பெருக்கினால் தகட்டு மின்தடை வந்துவிடும். படலம் ஊசிகளின் இடைவெளியைவிட மிக அகலமாக இருந்தால் போதும்.

இனி ரப்பர் பால். மரத்திலிருந்து சிரட்டையில் வடியும் பாலில் 30 முதல் 40 சதவீதம் ரப்பர். அது கரைந்து கிடக்கவில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சூழ்ந்திருக்கின்றன. பாஸ்போலிப்பிடும் ஒரு சர்ஃபாக்டண்ட்தான். மரமே தன் பாலுக்கு ஒரு சர்ஃபாக்டண்ட் உறையைப் போட்டுத்தான் அனுப்புகிறது. அம்மோனியா கலந்து பாதுகாத்த பாலில் துகள்களின் பரப்பு எதிர்மின்சுமை உள்ளது. அமிலம் சேர்த்தால் சுமை குறைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையும். ஷீட் அடிப்பதற்குத் தட்டில் ஃபார்மிக் ஆசிட் விடும்போது நடப்பது இதுதான்.

எஸ்டிஎஸ் ஒட்ட வேண்டுமானால் பரப்பு நேர்மின்சுமையாக மாற வேண்டும். அதற்குப் பிஎச்சை 3-க்கும் கீழே கொண்டுபோக வேண்டும், வழியில் உறைந்துவிடவும் கூடாது. நீர்த்த பாலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உறையும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். போதிய அமிலத்தில் நன்றாகக் கலக்கியபடி சட்டென்று தாண்டவைத்தால் மறுபுறம் நீர்மமாகவே நிற்கும். குலசேகரத்தில் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, எங்களுக்குப் பால் அங்கிருந்துதான் வரும். இதை அவரிடம் சொன்னபோது, "ஆசிட் கூடிப்போனா பால் சரியா உறையாதுண்ணு பாட்டா அண்ணைக்கே சொல்லுவாரு மக்ளே," என்றார். கூழ்மங்களின் மின்சுமையைப் பற்றிய பாடத்தை அவர் வேறொரு வழியில் ஏற்கனவே படித்திருந்தார்.

இயற்கை ரப்பர் பால் துகள்களைப் பாலிபிர்ரோலால் போர்த்தும் வேலையை 2002-ல் தாய்லாந்து, ஒக்லஹோமா ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவிக்கும் நாடு தாய்லாந்து. தங்கள் விளைபொருளைத் தாங்களே ஆராய்ந்தார்கள். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இயங்குகிறது, தமிழ்நாட்டின் ரப்பர் என்றாலே இந்த மாவட்டம்தான். இங்கேயும் பால் ஷீட்டாகவும் ஒட்டுப்பாலாகவும் விலைக்குப் போவதோடு நின்றுவிடக் கூடாது என்ற ஆசை எனக்கு மிக அதிகம்.

கணக்கும் நம் பக்கமே இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாக ஒரு கிராம் ரப்பர் இருந்தால், அவற்றின் மொத்தப் பரப்பு 6.5 சதுர மீட்டர். 3 நானோமீட்டர் படலம் போட 30 மில்லிகிராம் பாலிபிர்ரோல் போதும், எடையில் 3 சதவீதம். பால் காய்ந்து படலமாகும்போது துகள்கள் நெருக்கிக்கொண்டு அமரும். அவற்றின் எல்லைகளில் உள்ள கறுப்புப் படலங்கள் ஒன்றோடொன்று தொட்டு, ரப்பரின் உள்ளே தொடர்ந்த ஒரு வலையாகிவிடும். மின்சாரம் அந்த வலை வழியாகப் போகும். ரப்பரை மின்கடத்தியாக்க வழக்கமாகச் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளை மில்லில் போட்டு அரைத்துக் கலக்கும்போது, துகள்கள் அங்கங்கே சிதறிக் கிடப்பதால், அவை ஒன்றையொன்று தொட இதைவிடப் பலமடங்கு போட வேண்டியிருக்கும். அவ்வளவு போட்டால் ரப்பரின் இழுவைத் தன்மையே மாறிவிடும்.

காய்ந்த கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்றைச் சித்தப்பாவிடம் காட்டினேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்ததும் கிலோ ஓமில் எண் வந்தது. அவர் வெட்டிய பாலில் செய்த வெள்ளை ஷீட்டில் வைத்தபோது மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. திரும்பத் திரும்ப இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ கரண்டு வேலைக்குப் போடுற கையுறைய இதுல செஞ்சிரப்படாது, என்னா?" என்றார். படாது சித்தப்பா, அதற்கு வெள்ளைதான் வேண்டும் என்றேன். "பின்ன இது எதுக்காக்கும்?" என்று உடனே கேட்டார். அது நேர்மையான கேள்வி. நிலைமின்சாரம் வடியும் தரைவிரிப்பு, காலணி, இழுத்தால் மின்தடை மாறுவதால் அசைவை அளக்கும் பட்டை என்று சொன்னேன். அசைவை அளப்பது அவருக்குப் பிடித்திருந்தது. துண்டை இழுத்து இழுத்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனம் இப்போது இன்னொரு பயனில் நிற்கிறது. பாலிஅனிலின் அமிலத்தன்மையில் பச்சை, மின்கடத்தி. அம்மோனியா பட்டால் நீலமாகும், கடத்துத்திறனை இழக்கும். பாலிபிர்ரோலின் மின்தடையும் அம்மோனியாவில் ஏறும். கடல்மீனின் உடலில் டிரைமீத்தைலமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமீத்தைலமீனாக மாற்றும். மீன் நாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அம்மோனியாவைப் போன்ற இந்த அமீன்கள் கூடக்கூடப் படலம் அதைக் காட்டும். மெல்லிய படலம் இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. வாயு ஒரு படலத்துக்குள் ஊடுருவ எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு தடிமன் என்றால் நூறு மடங்கு நேரம். சில நானோமீட்டர் படலத்தில் உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு சங்கிலியும் ஏறக்குறைய பரப்பிலேயே இருக்கிறது.

குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் மீனின் தரத்தைக் கண்ணும் விரலும் மூக்கும்தான் சொல்கின்றன, மிகத் துல்லியமாகவே சொல்கின்றன. செவுளைத் தூக்கிப் பார்க்கும் ஒரு மீன்காரம்மாவின் தீர்ப்பைவிட எங்கள் பட்டை மேலானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐஸ் பெட்டியில் மூடி, லாரியில் ஏறி, பல மணிநேரம் கழித்து வேறு மாவட்டத்தில் இறங்கும் மீனைத் திறக்காமலே சொல்ல ஏதாவது வேண்டும். பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய ஒரு பட்டை அதைச் செய்யக்கூடும்.

அடுத்த செமஸ்டரில் இரண்டு மாணவிகள் இதை எடுத்துக்கொள்கிறார்கள். பழைய ஓஎச்பி ஷீட்டை, அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை, வெட்டி, அதன் எண்ணெய்ப்பாங்கான பரப்பில் டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தின் வால்களை அமரவைத்து, அனிலினை உள்ளேவிட்டு, அம்மோனியம் பெர்சல்பேட்டால் படலமாக்குவார்கள். அனிலின் நச்சு, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அதனால் ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே பாட்டிலைத் திறக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். ஒரே அளவுள்ள மூன்று மூடிய பெட்டிகளை ஐஸில் வைப்போம். ஒன்றில் சாளை மீன், ஒன்றில் ஈரத்துணி மட்டும், மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஈரமும் படலத்தின் மின்தடையை மாற்றும் என்பதால் அந்த ஈரத்துணிப் பெட்டி இல்லாமல் எந்த முடிவும் நிற்காது. சாளைப் பெட்டியின் எண் ஈரத்துணிப் பெட்டியின் எண்ணைவிட்டு எந்த மணிநேரத்தில் பிரிகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். அதே மணிநேரத்தில் துறைமுகத்தில் ஏலம் பார்த்துப் பழகிய ஒருவரிடம் அந்த மீனைக் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்வோம்.